கேட் நம்பர் ஏழின் மூன்று ரெக்கார்டுகள்

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள். கேட் நம்பர் ஏழு என்ற இசைக்குழுவின் மூன்று ரெக்கார்டுகளையும் ஒரே பெட்டியில் போட்டுத் திரும்ப அச்சடிக்கப் போகிறார்களாம். "அக்கா, மூணையும் மொதல்ல கேட்டது நீங்கதானே. எது ரொம்பப் புடிக்கும்னு நாலு வரி எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

எனக்குப் பிடித்தது பிடிக்காதது என்று எதுவும் கிடையாது. நான் பாட்டு கேட்டுச் சம்பளம் வாங்கியவள் இல்லை, சத்தம் கேட்டுச் சம்பளம் வாங்கியவள். அதைச் சொன்னால் அவள் சிரித்தாள். நாலு வரியில் முடிகிற சங்கதியும் இல்லை இது. நீளமாகவே எழுதுகிறேன், வேண்டாததை அவளே வெட்டிக்கொள்ளட்டும்.

என் பெயர் ரோஸ்லின். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில்தான் ஊர். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பத்தாவது முடித்த கையோடு சிப்காட்டில் மின்விசிறி மோட்டார் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, உள்ளே பேரிங் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன். ஒரு மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைக் கேட்டே சொல்லிவிடுவேன். அப்புறம் அந்தக் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது, நான் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய மாதிரி கறுப்பு ரெக்கார்டு அச்சடிக்கிற கம்பெனி ஒன்று இங்கே வந்தது. செத்துப் போன சாமானுக்கு எவன் கம்பெனி வைப்பான் என்று எங்கள் தெருவே சிரித்தது. சத்தம் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். மேனேஜர் வரதராஜன் சார் ஒரு ரெக்கார்டைப் போட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார். "பாட்டு எப்பிடினு எனக்குத் தெரியாது சார். ஆனா இந்த மிசின்ல பெல்ட்டு தேஞ்சிகீது" என்றேன். அவர் தட்டைத் தூக்கிப் பெல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நாளைக்கே வந்துடுங்கோ" என்றார்.

வரதராஜன் சார் திருவள்ளூர்க்காரர். அவர் குடும்பத்தில் எல்லோரும் கோயில் கைங்கரியத்தில் இருப்பவர்கள், இவர் ஒருவர்தான் இயந்திரப் பக்கம் வந்துவிட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அது நிம்மதி என்று நினைக்காதீர்கள். தப்பு நடந்தால் திட்டமாட்டார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் ஒரு பக்கம் துடைத்து, இன்னொரு பக்கம் துடைத்து, மாட்டிக்கொண்டு, "இன்னொரு தரம் பாருங்கோ" என்பார். அந்தத் துடைப்பு முடிவதற்குள் திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கும்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே சொல்வது விளங்காது. பாட்டு முழுக்க ஒரு நிக்கல் தகட்டில் வரிவரியாக இருக்கும். அதுதான் ஸ்டாம்பர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்டாம்பர். மைக்ராஸ்கோப்பில் அந்த வரிகளின் வட்டத்தைப் பார்த்து, சரியாக அதன் நடுவில் ஒரு ஓட்டை குத்த வேண்டும். அதை பிரஸ்ஸில் மாட்டி, சூடான பிளாஸ்டிக் உருண்டையை மேலும் கீழும் லேபிளோடு நடுவில் வைத்து அமுக்கினால் ரெக்கார்டு வந்துவிடும். தோசை வார்ப்பதை விடச் சீக்கிரம். ஆனால் ஓட்டை ஒரு மயிரிழை தள்ளிப் போனாலும் தட்டு நடு பிசகிச் சுற்றும், நீட்டிப் பிடிக்கிற சுரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் ஏறி இறங்கும்.

ஓட்டை குத்துவதும் பிரஸ் ஓட்டுவதும் முனிரத்தினம் அண்ணா. பள்ளிப்பட்டுக்காரர். வீட்டில் பாதி தெலுங்கு, வெளியில் பாதி தமிழ், ஆண்பிள்ளைகளை எல்லாம் நைனா என்பார். வாழ்க்கை முழுக்கப் பெரிய பெரிய பிரஸ்களின் பக்கத்தில் நின்று அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. ஆள் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்வார். பதிலுக்கு அவர் பேசுவது ஃபேக்டரி கேட் வரைக்கும் கேட்கும்.

பிரஸ்ஸிலிருந்து வரும் முதல் தட்டு என் கண்ணாடி அறைக்கு வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வளையலைக் கழற்றி வைத்து, தட்டின் விளிம்பை மட்டும் உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்து எடுப்பேன். இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்பேன். ஊசியை வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். கண் திறந்திருந்தால் காது பாதி வேலைதான் செய்யும் என்பது மோட்டார் கம்பெனியிலிருந்து எனக்கு வந்த கொள்கை. சரி என்று பட்டால் லேபிளில் கையெழுத்துப் போடுவேன். பக்கத்தில் ஓட்டினவர் கையெழுத்து. அப்புறம்தான் மீதி எல்லாம் ஓடும்.

கேட் நம்பர் ஏழு பையன்கள் நாலு பேர், ஒரு பெண். எண்ணூர்ப் பக்கம் ரயில்வே கேட் ஒன்றின் அருகே ஒரு குடோனில் வாசித்துப் பழகியதால் அந்தப் பேராம். அந்தப் பெண் ஷாலினி, ஆர்கன் வாசிப்பவள், பேச்செல்லாம் அவள்தான். பேஸ் கிடார் வாசிக்கும் பிரபு காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர், வாயே திறக்கமாட்டான். இவர்கள் பாட்டில் பாடுகிற ஆளே கிடையாது. முதல் ரெக்கார்டின் பேர் 'பித்தளை மழை'. நான் கடைசி வரை யாராவது பாடுவார்கள் என்று காத்திருந்தேன்.

பாடாவிட்டால் என்ன, சத்தம் இருந்தது. பேஸும் டிரம்மும் வயலில் டீசல் பம்ப் ஓடுகிற மாதிரி ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போகும், நம் கால் தானாக ஆடும். அதன் மேல் கிடார் வந்து, வாயைத் திறந்து திறந்து மூடுகிற மாதிரி வா வா என்னும். இன்னொரு கிடார் கிழிந்த ஸ்பீக்கரில் வருகிற மாதிரி இரையும். நடுவில் ஏதோ ஒரு சத்தம் பின்னாலிருந்து முன்னுக்கு உறிஞ்சிக்கொண்டு வரும். நான் அன்றைக்கு ஆறு தரம் பிரஸ்ஸை நிறுத்தினேன். இரைச்சல் இருக்கிறது, கீறல் இருக்கிறது, ஸ்டாம்பர் போச்சு என்று சார் மேஜையில் போய் எழுதி வைத்தேன்.

சார் போன் செய்தார். ஐந்து பேரும் வேனில் வந்து இறங்கினார்கள். நான் எழுதிய ஆறையும் ஷாலினி படித்துப் பார்த்தாள். "அக்கா, இது ஆறும் நாங்க கஷ்டப்பட்டுப் போட்டது" என்றாள். கிழிந்த ஸ்பீக்கர் நிஜமாகவே கிழித்த ஸ்பீக்கராம். பிளேடு வைத்து அவர்களே கிழித்தார்களாம். உறிஞ்சுகிற சத்தம், டேப்பைத் திருப்பிப் போட்டதாம். பையன்கள் சிரித்தார்கள், நல்ல மனசோடுதான் சிரித்தார்கள், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "அது சரி, அந்த ஆர்கன்ல எதுக்கு மோட்டார் ஓடுது? மொதல்ல நிமிசத்துக்கு நாப்பது சுத்து சுத்துது. அப்புறம் திடீர்னு வேகமாப் போவுது" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஆர்கனின் ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒரு கொம்பு மோட்டாரில் சுற்றுமாம். மெதுவாக ஒரு வேகம், வேகமாக ஒரு வேகம். "நாப்பதுனு எப்பிடிக்கா சொன்னீங்க?" என்று ஷாலினி கேட்டாள். மோட்டாரைக் கேட்டு எப்படிச் சொல்வது என்று நான் என்ன விளக்க முடியும்? அன்றிலிருந்து அவர்களுக்கு என் மேல் ஒரு மரியாதை. எனக்கும் என் மேல், கொஞ்சம் கூடுதலாகவே.

அந்த ஆறு தரம் நிறுத்தியதால் வரதராஜன் சார் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். இனி எந்த இசைக்குழுவும் ரெக்கார்டு கொடுக்கும்போதே, வேண்டுமென்றே போட்ட சத்தங்களை நிமிஷம் விநாடியோடு எழுதித் தர வேண்டும். குழுவில் உள்ள எல்லோரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். 'வேணும்னே பட்டியல்' என்று நாங்கள் அதற்குப் பேர் வைத்தோம். பட்டியலில் இருப்பது சத்தம், இல்லாதது தப்பு. பார்க்க நல்ல ஏற்பாடுதான். அதே ஏற்பாட்டில்தான் நான் அடுத்த தரம் விழுந்தேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அது முதலாளி போட்டது. ஒரு லாட் முழுக்க வீணாய்ப் போனால் ஒரு படிவம் எழுத வேண்டும். அதில் தவறு யாருடையது என்று ஒரு கட்டம். ஒரு பேர் எழுதத்தான் இடம். ஒருத்தர் பேர் இரண்டு தரம் வந்தால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முனிரத்தினம் அண்ணா பேர் ஏற்கனவே ஒரு தரம் வந்திருந்தது. 'பித்தளை மழை'யின் கடைசி முந்நூறு தட்டில் இந்தப் பக்கத்து லேபிளை அந்தப் பக்கம் வைத்து அமுக்கிவிட்டார். இன்னொரு தரம் வந்தால் அவர் கதை முடிந்தது. அவர் காதை வைத்துக்கொண்டு வேறு எந்தக் கம்பெனியின் மெடிக்கலிலும் தேறமாட்டார். அது அவருக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது ரெக்கார்டு 'தலைகீழ் குளம்'. முதலாவதில் கால் ஆடியது என்றால் இதில் தலை சுற்றியது. பாட்டெல்லாம் நீளம் நீளமாக, ஒன்றுக்குள் ஒன்று கரைந்துகொண்டு போகும். பட்டியல் இரண்டு பக்கம் வந்தது. அதில் இரண்டாம் பக்கத்தைப் பற்றி, 'ஆர்கன் மெதுவான வேகத்தில் கடைசி வரை சுற்றும், எல்லாமே தண்ணிக்கு அடியில் ஆடுகிற மாதிரி இருக்கும்' என்று எழுதியிருந்தது.

நான் கையைக் கழுவினேன், வளையலைக் கழற்றினேன், ஊசியை வைத்தேன், கண்ணை மூடினேன். இரண்டாம் பக்கம் ஆடியது. ஆர்கன் ஆடியது, அதோடு கிடாரும் ஆடியது. கடைசிப் பாட்டில் பேஸ் மட்டும் தனியாக நீள நீளமாக வாசித்தது, அதுவும் ஆடியது. பட்டியலில் இருக்கிறது, எல்லாமே ஆடும் என்று எழுதியிருக்கிறது, போன தரம் நிறுத்திவிட்டு அசடு வழிந்தது போதும் என்று எனக்கு. கையெழுத்துப் போட்டேன். ஐந்நூறு தட்டு ஓடியது. உறை போட்டு, பெட்டி கட்டி, மறுநாள் காலை வேனுக்கு அடுக்கி வைத்தாகிவிட்டது.

அன்று சாயங்காலம் டீ நேரத்தில், எடுத்து வைத்த அந்த முதல் தட்டைச் சும்மா போட்டுவிட்டு பட்டியலை ஃபைலில் வைத்துக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் அண்ணா டீ டம்ளரோடு உள்ளே வந்தார். அவருக்குப் பாட்டு கேட்காது. அதனால் சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னாமா இது, கை ஆடுது?" என்றார்.

ஊசியைத் தாங்குகிற கையைத்தான் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். அந்தக் கை இடமும் வலமும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தரம் கூட அதைப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொள்கிறவள் எங்கே பார்ப்பது?

லேபிளில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு, கடைசிப் பாட்டில் ஊசியை வைத்தேன். காகிதம் ஜன்னல் பக்கம் வரும்போதெல்லாம் பேஸ் சுரம் கீழே இறங்கியது. திரும்ப ஒரு சுற்று, திரும்ப இறங்கியது. ஆர்கன் மோட்டாரின் ஆட்டமாக இருந்தால் நிமிஷத்துக்கு நாற்பது ஆட வேண்டும். இது முப்பத்து மூன்று. தட்டு சுற்றுகிற கணக்கு. நாற்பதுக்கும் முப்பத்து மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாத காதா என் காது? பட்டியலில் எழுதியிருந்ததை நம்பி, கேட்டதை நம்பாமல் விட்டேன். எனக்கு அழுகை வந்தது, அழவும் செய்தேன்.

அண்ணா என் முகத்தையும் ஊசிக் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "என் ஓட்டையாமா?" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "இருங்கண்ணா, நா பாத்துக்கறேன்" என்றேன். அவர் டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சும்மா இருந்துவிடலாமா என்று யோசித்தேன். பட்டியலில் எழுதியிருக்கிறது, கேட்கிறவனுக்கு எங்கே தெரியப்போகிறது, அந்த மனுஷன் வேலையும் தப்பிக்கும் என்று ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். என் காதுக்கு இருந்த பேர் போய்விடுமே என்ற பயமும் சேர்ந்தே இருந்தது. அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். நல்லவள் என்பதால் இல்லை. அந்த ஆட்டம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, அதோடு வீட்டுக்குப் போக என்னால் முடியாது.

வரதராஜன் சார் பக்கம் முழுவதையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார். வேனை நிறுத்தச் சொல்லிவிட்டு ஷாலினிக்குப் போன் செய்தார்.

மறுநாள் ஐந்து பேரும் வந்தார்கள். கேட்டு முடித்ததும் ஷாலினி சொன்னதை எங்களால் நம்ப முடியவில்லை. "அக்கா, சத்தியமா சொல்றேன், இது நல்லாகீது. நாங்க பண்ணதவிட நல்லாகீது. அப்பிடியே விட்றலாம்." பையன்களில் மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். சார் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அவாளே சரின்னா நமக்கென்ன ஆட்சேபணை, ரோஸ்லின்?" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முனிரத்தினம் அண்ணா எங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பட்டியலை எடுத்து மேஜையில் வைத்தேன். "நல்லாகீதுனா வேணும்னே பட்டியல்ல எழுதிக் குடுங்க. அஞ்சு பேரும் கையெழுத்துப் போடுங்க. நானும் போடறேன்" என்றேன். போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். போடட்டும் என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன். ஷாலினி எழுதினாள், போட்டாள். மூன்று பையன்களும் போட்டார்கள். பேனா பிரபுவிடம் வந்தது. அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"கடைசிப் பாட்டு நா ஒருத்தன்தான் வாசிச்சிகீறேன்" என்றான். "நேராத்தான் வாசிச்சேன்."

"டேய், அது இன்னும் அழகாகீதுடா" என்றாள் ஷாலினி.

"கப்பல்ல வெல்டிங் லைன் கோணலாப் பூட்சினா, அழகாகீதுனு விட்ருவாங்களா? அத்த நேரா வாசிக்க நா ஒரு வருசம் கையத் தேச்சிகீறேன். கோணலாத்தான் வேணும்னா நா எதுக்கு?"

அவன் அவ்வளவு பேசி அவர்களே கேட்டதில்லை போலிருக்கிறது. ஷாலினி பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, தான் எழுதிய வரியைத் தானே அடித்தாள். "வேணாம் சார்" என்றாள்.

ஐந்நூறும் தூளாகப் போயின. தூளாக்குவதற்கு முன் நடுவில் இருக்கும் லேபிளை வெட்டி எடுக்க வேண்டும், காகிதம் பிளாஸ்டிக்கில் கலக்கக் கூடாது. அதை முனிரத்தினம் அண்ணாதான் செய்தார். யாரையும் உதவிக்கு விடவில்லை. ஒவ்வொன்றாக ஐந்நூறு நடுவையும் வெட்டினார்.

சார் படிவத்தை என் முன்னால் வைத்தார். "நீங்களே எழுதிடுங்கோ" என்றார். அவர் ஏன் என்னிடம் கொடுத்தார் என்று எனக்கு அப்போது புரிந்ததா என்றால், புரிந்தது; அண்ணா பேரைத் தன் கையால் எழுத அவருக்கு மனசில்லை. நான் என் பேரை எழுதினேன். அவர் படித்துவிட்டு, "ஓட்டை குத்தினது முனிரத்தினம்" என்றார்.

"தெரியும் சார். கேட்டுட்டு சரினு கையெழுத்துப் போட்டது நான். ஆடுதுனு கண்டுபுடிச்சது அவரு. புடிச்சவரையே புடிச்சிக் குடுக்க சொல்றீங்களா?"

"ரெண்டு தப்பும் நிஜம். எழுத இடம் ஒண்ணுதான் இருக்கு" என்றார் சார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு மடித்து வைத்துவிட்டார்.

என்னைக் கண்ணாடி அறையிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். உறைக்குள் தட்டு தள்ளுகிற வேலை. அங்கே இருந்த பெண்கள், "யானைக்கும் அடி சறுக்கும்கா" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, நான் நகர்ந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். முனிரத்தினம் அண்ணா வந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நன்றி என்றெல்லாம் இல்லை. ஒரு வார்த்தை.

மூன்றாம் நாள் கேட் பக்கத்து டீக்கடையில் வந்து நின்றார். "என் ஓட்டைய நீ எதுக்குமா உன் பேர்ல எழுதினே?" என்றார். அவர் குரலுக்குக் கடையே திரும்பிப் பார்த்தது.

"உங்க வேல பூட்டிருக்கும்ணா" என்றேன்.

"போவட்டும். நா இன்னா கொயந்தையா? நா குத்தினது, நாந்தான்னு சொல்ல எனக்கு வாயில்ல? காதுதாம்மா போச்சு. மேனேஜர்கிட்ட போயி சொன்னா, ஃபாரம் போய்ட்ச்சு முனிரத்தினம்ன்றாரு. நாள பின்ன எவனாவது வந்து, அந்தம்மா போட்ட பிச்சையிலதான் நீ நிக்கறனு சொன்னா நா இன்னா சொல்றது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லதுக்குக் காலமில்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் பேச்சே இல்லை. தினமும் காலையில் நாஷ்டா டப்பாவைத் திறந்துகொண்டே, "இன்னாமா, சாப்ட்டியா?" என்று ஃபேக்டரி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பவர், என்னைக் கண்டால் டப்பாவை மூடிக்கொண்டு வேறு பக்கம் போனார். ஏழெட்டு மாதம் அப்படியே போயிற்று.

பேக்கிங்கில் யோசிக்க நேரம் நிறைய உண்டு. முதலில் அவர் மேல் கோபமாகத்தான் யோசித்தேன். அப்புறம் பிரபு பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வரும். அவனிடம் அவனுடைய நேரான சுரம் இருந்தது, அதை யாரும் தொடக்கூடாது என்றான். இவரிடம் இவருடைய தப்பு இருந்தது. அதை நான் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். வேலையைக் காப்பாற்றினேன், சரி. ஆனால் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், அது தெரிந்துதான் கேட்கவில்லை. இது எனக்குப் புரிய ஏழு மாதம் ஆயிற்று. புரிந்த பிறகும் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் வீம்பு உண்டு.

மூன்றாவது ரெக்கார்டு, 'ஊமைக் கச்சேரி', வந்தபோது நான் ரிட்டயர் ஆக மூன்று வாரம் இருந்தது. ரெக்கார்டை நிறுத்தின அந்த அக்காதான் கேட்க வேண்டும் என்று குழுவே எழுதிக் கேட்டிருந்தது. அதில் பிரபு கையெழுத்துதான் முதலில் இருந்ததாம். சார் என்னைக் கூப்பிட்டு, "வாங்கோ, ஆனா இந்தத் தடவை ரூம்ல ரெண்டு நாற்காலி" என்றார். ஒருத்தர் கேட்க, ஒருத்தர் பார்க்க. பார்க்கிறவர் முனிரத்தினம். எங்கள் இருவருக்கும் நடுவில் என்ன ஓடுகிறது என்று சாருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தார்.

ஓட்டை குத்திய அன்று, அண்ணா ஸ்டாம்பரை விளிம்பில் பிடித்துக்கொண்டு மைக்ராஸ்கோப் மேஜையிலிருந்து, "பாரு" என்றார். போய்க் குனிந்து பார்த்தேன். வரி நடுவில் இருந்தது. ஸ்டாம்பரைக் கால் சுற்று சுற்றினார், அப்போதும் வரி நடுவில் இருந்தது. இன்னும் கால் சுற்று, நடுவில்தான் இருந்தது.

"தப்பு வந்தா, இந்தத் தபா என் பேர எழுதணும்" என்றார்.

உதடு தெரிகிற மாதிரி நிமிர்ந்து, "எழுதறேண்ணா" என்றேன்.

"அன்னிக்கு மாரி பேஜார் பண்ணக்கூடாது."

"எழுதறேன்னு சொன்னேன் இல்ல."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சும்மா சொல்கிறேனா, நிஜமாகச் சொல்கிறேனா என்று பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் நிஜமாகத்தான் சொன்னேன். அந்த ஓட்டை பிசகியிருந்தால், வேலை போனாலும் பரவாயில்லை, அவர் பேரைத்தான் எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன்.

தட்டு வந்தது. இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தோம். இந்த ரெக்கார்டில் சத்தமே குறைவு, இடைவெளிதான் அதிகம். டிரம் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காத்திருக்கும். ஆர்கன் தூரத்தில் எங்கேயோ நாற்பதில் சுற்றும். தப்பு இருந்தால் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் பிரபுவின் பேஸ் தனியாக வந்தது, ஒரே சுரம், நீளமாக, ஊசியில் நூல் கோத்து இழுத்த மாதிரி நேராக. நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். அண்ணா குனிந்து, மூக்கு தட்டில் இடிக்கிற அளவுக்கு ஊசிக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை ஆடவில்லை. பாட்டு முடிந்து ஊசி நடுவுக்குப் போய் நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் லேபிளில் கையெழுத்துப் போட்டு அவரிடம் தள்ளினேன். அவர் போட்டார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, கதவு வரைக்கும் போய்த் திரும்பி, ஃபேக்டரி முழுக்கக் கேட்கிற மாதிரி, "இன்னாமா, சாப்ட்டியா?" என்றார்.